கொட்டியாற்றுக் குடாவும் அரைநாட் சுற்றுலாவும்: காட்சி சரக்கான வரலாறு பற்றிய சில குறிப்புகள்

திருகோணமலைக் கரையில் இக்காலத்து நடைபெறும் அரைநாட் கடற்சுற்றுலா பெரும்பாலும் ஒரே ஒழுங்கினது. மார்ச் முதல் ஓகஸ்ட் வரையுள்ள கடலமைதி மாதங்களில், பொழுது புலரும் வேளையில், உப்புவெளியிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ கண்ணாடியிழைப் படகொன்று ஆறேழு பேருடன் புறப்படும். முதலில் ஆழ்கடலுக்குச் சென்று நீலத் திமிங்கிலத்தையும் டொல்பின் கூட்டங்களையும் காட்டுவர். பின்னர் சுவாமிமலையைக் கடற்பக்கமாக நின்று பார்க்க வைப்பர். அதன்பின் புறாமலைத் தீவில் முருகைக்கற்களையும் ஆமைகளையும் பார்க்க இறக்கிவிடுவர். நண்பகலுக்குள் படகு கரை திரும்பும். அண்மையில் நாமும் இத்தகைய சுற்றுலா ஒன்றிற் பங்குகொண்டோம். தோப்பூரிலே பிறந்து வளர்ந்த எமக்கு இக்கடல் புதியதன்று. எனினும், பணம் கொடுத்து அதனைப் பார்த்தது அதுவே முதன்முறை.

சுவாமிமலைக்கு நேரே படகு நின்றபோது, வழிகாட்டியாக வந்த படகோட்டி கோயிலையும் காதலர் பாய்ச்சலையும் கோட்டையையும் நிரலாகச் சுட்டிக் காட்டினார். நெல்சன் இத்துறைமுகத்தைப் புகழ்ந்த கதையும் தவறாது வந்தது. தெற்கே, குடாவுக்கு அப்பால் நீலக்கோடாகத் தெரிந்த கரையைப் பார்த்துப் பிரயாணிகளுள் ஒருவர் அது யாது என வினவினார். “அங்கால ஒண்டும் இல்லை, காடுதான்” என்பது விடையாக வந்தது. அக்காட்டினுள்ளேதான் மூதூரும் சம்பூரும் தோப்பூரும் இருக்கின்றன. இக்கட்டுரைக்கு அவ்விடையே தோற்றுவாய். படகோட்டியைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம். ஒரு கரை ‘காட்சி’ யாகவும் எதிர்க்கரை ‘ஒன்றுமில்லாத’ தாகவும் ஆனது எவ்வாறு, அது எப்பொழுது தொடங்கிற்று, யாருடைய கண்கள் அதனை அவ்வாறு ஆக்கின என்பனவே இங்கு ஆராயப்படுவன.

இயற்கையைத் தொழிலினின்றும் பிரித்துக் காட்சியாக நோக்குதல் மனித இயல்பு எனக் கருதுவோர் உளர். அது வரலாற்றுக்குட்பட்டது என்பதைத் தமிழிலக்கியமே காட்டிவிடும். நெய்தற் பாடல்களில் வரும் கடல், பரதவரும் உமணரும் புழங்கும் கடல். அங்கே மணல்மேடு மீனுணங்கும் இடமாகவும், கழி உப்பு விளையும் இடமாகவும் தோன்றும். திணைப் பாகுபாட்டைச் சமச்சீரற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாகப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் விளக்கியதன் பின்னர், நெய்தலை வெறும் இயற்கை வருணனையாக வாசிப்பது இயலாததாயிற்று. இங்கிலாந்தின் கிராமங்களைப் பற்றி ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய நூலும் வேறொரு வழியில் இதனையே நிறுவிற்று. நிலம் ‘நிலக்காட்சி’ யாக மாறுவதற்கு, அதிலே உழைப்பவன் ஒருவனும் விலகி நின்று பார்ப்பவன் ஒருவனும் என மனிதர் இருகூறாகப் பிரிதல் முன்னிபந்தனையாகும்.

திருக்கோணமலையைப் பொறுத்தவரை எமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ்ச் சித்திரம் கி. பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஞானசம்பந்தர் பதிகமே. ஒன்றை இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும். சம்பந்தர் ஈழத்துக்கு வந்தவரல்லர். இராமேசுவரத்தில் நின்றவாறே இத்தலத்தைப் பாடினார் என்பது மரபு. ஆயினும் அலை ஒதுக்கும் முத்தும், சந்தனமும் அகிலும், புன்னையும் செருந்தியும் நிறைந்த பொழில்களும் அவர் பாடலில் உள. அவற்றோடு, குடிகள் நெருங்கிப் பெருகிய ஊர் என்ற குறிப்பும் உண்டு. நேரிற் காணாத கவிஞருக்குக் குடிகள் தென்பட்டனர். நேரிற் கண்ட பிற்காலத்தார் பலருக்கு அவர்கள் தென்படவில்லை. சம்பந்தர் பக்தியின் கண்ணால் நோக்கினார் என்பது உண்மையே. ஆயின் யாத்திரிகனுக்கு ஊர் வேண்டும். சோறும் தண்ணீரும் இரவில் ஒதுங்கத் திண்ணையும் அவன் பிறரிடமிருந்தே பெறவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் இன்றும் மூதூரையும் வெருகலையும் கடந்தே போகின்றனர். அவர்களுக்குத் தென்கரை ‘ஒன்றுமில்லாத’ இடமன்று. கோணேசர் கல்வெட்டு, கோயிலின் தொழும்புகளையும் அவற்றுக்குரிய குடிகளையும் வருமானங்களையும் ஒழுங்குபடுத்திக் கூறும் நூல். நிலவுடைமைச் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வுகளை அது நியாயப்படுத்துவதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் உழைப்பவரை அது ஆவணத்திலிருந்து நீக்கிவிடவில்லை. அவர்களின் உழைப்பை உரிமைகொள்வதற்காகவேனும் அவர்களைப் பதிந்து வைத்தது.

வேறுவகைப் பார்வை கப்பலேறி வந்தது. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். பாண்டியரின் கயற்சின்னம் பொறித்த கல்லொன்றும் தமிழ்ச் சாசனத் துண்டொன்றும் கோட்டை வாயிலிலேயே பதிந்து கிடக்கின்றன. அவ்வாயிலால் நுழைபவர்களுள் அவற்றை நின்று பார்ப்பவர் சிலரே. உள்ளே திரியும் புள்ளிமான்களே பெருங்கவர்ச்சி. அதன்பின் ஒல்லாந்தர் வந்தனர். 1672இல் டி லா ஹே தலைமையிற் பிரெஞ்சுக் கடற்படை கொட்டியாற்றுக் குடாவுக்கு வந்து மீண்டது. 1782 சனவரியில் ஆங்கிலேயரும் அதே ஆண்டு ஓகஸ்டிற் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் துறைமுகத்தைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் நிலையாகக் காலூன்றினர். இத்தனை பேரும் இவ்விடத்தை விரும்பியதற்குக் காரணம் அழகன்று, ஆழம். மகாவலி கடலோடு கலக்கும் இக்குடாவினுள்ளேயே கடலடிப் பெரும்பள்ளம் ஒன்று தொடங்கிக் கிழக்கே ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. போர்க்கப்பல் கரையண்டி நிற்பதற்கும் திமிங்கிலம் கரையண்டி மேய்வதற்கும் ஒரே புவியியலே காரணம் என்பது நோக்கத்தக்கது. ஏகாதிபத்தியத்தையும் சுற்றுலாவையும் ஒரே பள்ளம் இங்கு இழுத்து வந்தது எனலாம்.

இவ்வரிசையில் ஒரு நிகழ்ச்சி தனித்து ஆராயத்தக்கது. கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சென்ற ‘ஆன்’ என்னும் கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் அகப்பட்டுப் பாய்மரம் இழந்தது. மரம் மாற்றவும், அதற்கிடையில் துணி விற்கவுமாக அது கொட்டியாற்றுக் குடாவுக்கு வந்தது. கப்பற் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் மாலுமிகள் சிலரும் 1660இல் மூதூர்ப் பகுதியில் வைத்துக் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தை மறுவருடம் இறந்தார். மகன் ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்து 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவர் நூல், பின்னர் டானியல் டீபோவின் றொபின்சன் குரூசோவுக்கு ஒரு தூண்டுகோலாயிற்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நொக்சின் நூலைக் குடியேற்றவாத நூல்களின் முன்னோடியாக மட்டும் வாசித்தல் எம்மளவிற் போதாது. பின்வந்த ஆங்கிலப் பிரயாண நூல்களில் எழுதுபவன் பார்ப்பவன், உள்நாட்டான் பார்க்கப்படுபவன். இங்கோ அவ்வுறவு தலைகீழாகிறது. இராசசிங்கன் ஐரோப்பியரைத் திரட்டித் தன் நாட்டு ஊர்களிலே வைத்திருந்தான்; நொக்சு பார்க்கப்படுபவராக இருந்துகொண்டே பார்த்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன்கொடுத்தும் பிழைக்க வேண்டியிருந்தமையால், ஏர், அரிவாள், சூடடிப்பு, வரி, சாதி ஆகியன பற்றி அவர் எழுதியவற்றில், பின்னாளில் யானைமீதும் பல்லக்கிலும் வந்து எழுதியவரிடம் காணாத துல்லியம் உண்டு. உழைப்பின் கட்டாயம் பார்வையைக் கூர்மையாக்கிற்று. விடுதலை பெற்று ஊர்போனபின் நொக்சு கம்பனிக் கப்பல்களில் அடிமை வியாபாரத்திலும் ஈடுபட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிடின் எமது கூற்று அரைகுறையாகிவிடும். தனது சிறைவாசத்திலிருந்து அவர் பிறர் சிறைவாசம் பற்றி எதையும் கற்கவில்லை. மூதூரில் ஒரு புளியமரத்தடி நொக்சு பிடிபட்ட இடமெனச் சொல்லப்பட்டு, அங்கு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. தென்கரையில் ஆங்கில வழிகாட்டி நூல்கள் குறித்துக்கொண்ட ஒரே சின்னம் நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த கரையில், வெள்ளையர் சிலர் அகப்பட்ட மரம் ஒன்றே வரலாறாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலங்கைப் பார்த்தல் என்பது விலங்கைக் கொல்லுதலேயாம். மேஜர் றோஜர்ஸ் என்னும் உத்தியோகத்தர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனப் பெயர்பெற்றார். 1845இல் இடி விழுந்து மாண்டார். சாமுவேல் பேக்கரின் வேட்டை நூல்கள் 1850களில் வெளிவந்தன. இவற்றை விளையாட்டு என அவர்கள் வழங்கினும், விளையாட்டுக்குப் பின்னால் நிர்வாகம் நின்றது. யானைத் தலைக்கு அரசு பரிசு கொடுத்தது. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்குக் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்ட காலமும் அதுவே. யானைகள் குறைந்து வேட்டை அரிதானபின் பாதுகாப்புச் சட்டங்கள் பிறந்தன. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதனையடுத்து யால, வில்பத்து தேசியப் பூங்காக்களும் இவ்வழி வந்தவை. துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பெற்றது. ஆனால் பார்ப்பவனுக்கும் விலங்குக்கும் இடையே நிற்கும் கிராமவாசியின் நிலை பெரிதும் மாறவில்லை. வேட்டைக் காலத்தில் அவன் தடம் பார்ப்பவன், சுமை காவுபவன். பூங்காக் காலத்தில் அத்துமீறிப் பிரவேசித்தவன். சேருவில - அல்லைப் பகுதி 1970இல் சரணாலயமாக்கப்பட்டது. யானையைக் காப்பது வேண்டாமென நாம் கூறவில்லை. எமது ஊர் வயல்களிலே இரவெல்லாம் பரணில் விழித்திருந்து வெடிகொளுத்தும் விவசாயிக்கு யானை காட்சியன்று, ஒரு போகத்துச் சோறு என்பதையே கூறுகிறோம். யானையைக் காக்கும் செலவைப் பார்ப்பவன் கொடுப்பதில்லை, விதைத்தவன் கொடுக்கிறான்.

விலங்கும் மனிதனும் ஒரே கூண்டில் வைத்துக் காட்டப்பட்டதும் உண்டு. செர்மானிய விலங்கு வணிகன் கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கை யானைகளோடு இலங்கை மக்களையும் ஐரோப்பிய நகரங்களிற் கொண்டுசென்று காட்சிப்படுத்தினான். மூதூருக்குக் கிழக்கே கடற்கரையோரம் வாழும் வேடர் வழிவந்தோரும் இத்தகைய ஆர்வத்துக்குத் தப்பவில்லை. 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிற் கரையோர வேடருக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கப்பட்டது. அங்கும் அவர்கள் ‘கலப்புற்றவர்’ என்றே நோக்கப்பட்டனர். தமிழ் பேசி, மீன்பிடித்து, சேனை செய்து வாழ்ந்தமையால் அவர்கள் காட்சிக்குப் போதிய அளவு காட்டுத்தன்மை உடையவராயில்லை போலும்.

ஒருசில ஆண்டுகளை இங்கு விரைந்து கடந்து செல்லலாம். இரண்டாம் உலகப் போரில் துறைமுகம் பெருந்தளமாயிற்று. 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானியர் குண்டு வீசினர். 1957இற் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. இராணுவத்தின் பிடி தளர்ந்த அவ்வாண்டுகளிலேயே பொழுதுபோக்கு உள்ளே நுழைந்தது. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் சுவாமிமலையின் அடியிற் கடலுள் மூழ்கிக் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். மறு வருடம் வெளிவந்த கிளார்க்கின் நூல் இக்கடலை ஆங்கில வாசகருக்கு முக்குளிப்போரின் சொர்க்கமாக அறிமுகப்படுத்திற்று. 1966இல் உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டு இந்நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 19,000 பேரளவினர். திறந்த பொருளாதாரம் வந்தபின், 1982இல், அத்தொகை நான்கு இலட்சத்தைக் கடந்தது. நிலாவெளியில் ஓட்டல்கள் எழுந்தன. 1983 யூலையின் பின் எல்லாம் சரிந்தது.

திமிங்கிலத்தின் வரலாறு இவற்றோடு பின்னிக் கிடக்கிறது. ஆயின் நாம் அதிகம் சிந்திக்க வேண்டிய பகுதியும் அதுவே. வடமொழிச் சொற்பிறப்பின்படி திமி என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம். முதலாளித்துவம் பற்றி எழுதப்பட்ட நூல்கள் சிலவற்றைவிட இச்சொல் தெளிவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க, பிரித்தானிய வேட்டைக் கப்பல்கள் இலங்கைக் கடல்வரை வந்து எண்ணெய்த் திமிங்கிலங்களைக் கொன்றன. அவ்வெண்ணெய் நகரங்களின் விளக்குகளில் எரிந்தது. ஆலை இயந்திரங்களின் உருளைகளை வழுவழுப்பாக்கிற்று. நெசவாலைத் தொழிலாளி உறங்காது உழைத்த இரவுகளுக்கு ஒளிதந்ததில் இக்கடலின் பங்கும் சிறிதுண்டு. இவ்வளவும் எமது நோக்குக்கு இசைவான வரலாறே. ஆனால் 1963 முதல் 1966 வரை, வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றவை சோவியத் கப்பற்தொகுதிகள். அந்த எண்ணிக்கை சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையத்துக்கு மறைக்கப்பட்டது. பொய்க்கணக்குகளை 1990களில் வெளிப்படுத்தியோர் உருசிய விஞ்ஞானிகளே. அலெக்சி யப்லகோவ் அவர்களுள் முதன்மையானவர். அக்கப்பல்களிலேயே பணியாற்றியோர் உண்மைக் கணக்கைப் பல்லாண்டுகள் ஒளித்துக் காத்தமையாலேயே அது உலகுக்குத் தெரியவந்தது.

இலாப நோக்கே இயற்கையை அழிக்கிறது என்று கூறி அமைந்துவிடும் எம்மவர் சிலருக்கு இது சங்கடந் தரும் செய்தி. அங்கே பங்குதாரர் இல்லை. இலாபப் பங்கும் இல்லை. இருந்தது திட்ட இலக்கு. உற்பத்தி தொன் கணக்கில் அளக்கப்பட்டது. சென்ற ஆண்டின் அளவை இவ்வாண்டு மிஞ்சுதல் வேண்டும். மிஞ்சினோருக்கு ஊக்கப்பணமும் விருதும் உண்டு. கொன்ற உடல்களில் பெரும்பகுதியைப் பயன்படுத்தக்கூட வாய்ப்பிருக்கவில்லை. பயன்பெறுமதியை மறந்து எண்ணிக்கையைத் துரத்துதல் சந்தைக்கு மட்டும் உரிய நோயன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இதனைச் சொன்னால் எதிரிகளுக்கு வாய்ப்பாகிவிடும் என எம்மிடம் ஒரு நண்பர் கூறினார். சொல்லாதுவிட்டால் எமது முறையியலுக்கு மதிப்பில்லை என்பதே நாம் அவருக்கு அளித்த விடை. உற்பத்தியைத் திட்டமிடுவோர்மீது உழைப்போருக்குக் கட்டுப்பாடு இல்லாதவிடத்து, திட்டம் என்பது இன்னொரு முதலாளியாகிவிடுகிறது.

1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனை முன்மொழிந்தது சீசெல்ஸ் என்னும் சின்னஞ்சிறு நாடு. அதனைத் தொடர்ந்து ‘ரியூலிப்’ என்னும் சிறு பாய்மரக் கப்பலில் 1980களின் தொடக்கத்தில் வந்த ஆய்வாளர் திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களையும் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் அவதானித்தனர். இப்பகுதித் திமிங்கிலங்கள் உலகின் கண்ணுக்குத் தெரியவந்தது அப்போதுதான். மீனவருக்கு அவை என்றும் தெரிந்தவையே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போர் அவ்வாய்வை முடக்கிற்று. ஆண்டுக்கணக்கில் இக்கடல் பாதுகாப்புத் தடைகளுள் கிடந்தது. மீனவருக்கே நேரமும் தூரமும் அளந்து விடப்பட்டன. 2009இன் பின் திமிங்கிலங்கள் மீண்டும் ‘கண்டுபிடிக்கப்பட்டன’. திமிங்கிலத்துக்கு நூறு மீற்றருக்குள் படகு செல்லலாகாது என்பது 2012ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி. நாம் சென்ற அன்று நான்கு படகுகள் ஒரு திமிங்கிலத்தைச் சூழ்ந்தன. நூறு மீற்றரை யாரும் அளக்கவில்லை. நீர்த்தூண் எழுந்ததும் எமது படகோட்டி மட்டும் இயந்திரத்தை நிறுத்தினார். மற்றப் படகுகளிலிருந்து எழுந்த ஆரவாரத்துக்கிடையே, முதுகு நெடுநேரம் கடந்துசென்று வால் ஒருமுறை நிமிர்ந்து மறைந்தது. வியப்பு எமக்கும் உண்டாயிற்று. வியப்பை வர்க்க உணர்வுக்கு எதிரானதென நாம் கருதவில்லை. அது விலைக்கு விற்கப்படும்போதே சிக்கல் தோன்றுகிறது.

புறாமலை 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. சூழ்ந்த கடலையும் சேர்த்து 471 ஹெக்டயர் அளவினது. மாடப்புறாக்கள் கூடுகட்டும் பாறைகளை ஆங்கிலேயர் ஒருகாலத்திற் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். இன்று முருகைக்கற்களுக்குத் துப்பாக்கி எதிரியன்று. சூடேறும் கடலும் மிதிக்கும் கால்களுமே எதிரிகள். காலை பத்து மணிக்கு அச்சிறு மணற்பரப்பில் நிற்க இடமிருக்கவில்லை.

இனிப் பெயர்களைப் பற்றி ஒரு குறிப்பு. மொழி ஆய்வாளர் இதனை விரிவாகச் செய்தல் நன்று. ஆங்கிலக் கடற்படங்களில் இக்குடாவின் தென்முனை ‘பவுல் பொயின்ற்’ எனப்படுகிறது. கப்பலுக்கு ஊறு செய்யும் முனை என்பது பொருள். நகரின் பின்னாலுள்ள குடா ‘பாக் பே’. தீவு, புறாவின் பெயரால் ‘பிஜன் ஐலண்ட்’. இவை கப்பல்மீது நின்று நோக்குபவன் இட்ட பெயர்கள். தென்கரையின் தமிழ்ப் பெயர்களோ வேறுவகையின: கட்டைபறிச்சான், கடற்கரைச்சேனை, கூனித்தீவு, சூடைக்குடா, இளக்கந்தை, பாட்டாளிபுரம், உப்பூறல், இலங்கைத்துறை முகத்துவாரம். கூனி என்பது சிற்றிறால். சூடை என்பது மீன். சேனை, உப்பு, துறை என்பன வெளிப்படை. தோப்பூர் என்பதும் மரம் நட்டு வளர்த்தவரின் பெயரே. ஒருசாரார் பெயர்கள் ஆபத்தையும் அடையாளத்தையும் குறிக்க, மறுசாரார் பெயர்கள் அங்கு எதைப் பிடித்தனர், எதை விளைத்தனர் என்பதைக் குறிக்கின்றன. சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களில் முதல்வகைப் பெயர்களே இடம்பெறுகின்றன.

இக்கரைக்கு இலக்கியம் இல்லாமலில்லை. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதைத் தொகுதி 1962ஆம் ஆண்டுக்கான சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. தலைப்புக் கதையில், சொந்தத் தோணி ஒன்றுக்கு ஏங்கும் மீனவ இளைஞனின் ஆசையே கருப்பொருள். உற்பத்திச் சாதனம் தன்னதல்லாத ஒருவனுக்குக் கடல் எவ்வாறு தோன்றும் என்பதை அக்கதை காட்டியதுபோல் எந்த ஆய்வுரையும் காட்டியதில்லை. இராசரத்தினத்தை வட்டார எழுத்தாளர் என ஒரு வரியில் ஒதுக்கிவிடும் எமது விமர்சன மரபு, இதனை மீள்நோக்க வேண்டும். தோணி கண்ணாடியிழைப் படகாகியும் அவ்வேக்கம் மாறவில்லை. எமது படகோட்டியிடம் விசாரித்தபோது, படகும் இயந்திரமும் ஒரு முதலாளிக்குரியன எனவும், சுற்றுலா இல்லாத மாதங்களில் தாம் கரைவலை இழுக்கப் போவதாகவும் கூறினார். 2022இல் எரிபொருள் இல்லாதபோது இரண்டும் இல்லை.

சுற்றுலாவை அந்நியச் செலாவணிக்காக நாட்டை விலைகூறும் செயல் எனக் கண்டித்தல் எமது முன்னோடிகளிடையே பொதுவழக்கு. அதில் உண்மை இருப்பினும், அது படகோட்டியைப் பணியாளனாக மட்டுமே கண்டது. கச்சான் எப்போது எழும், நீரோட்டம் எங்கே திரும்பும், கடற்பறவைகள் கூடுமிடத்தில் என்ன இருக்கும் என்று அவர் அறிந்தவை தலைமுறைகள் தொழில்செய்து சேர்த்த அறிவு. அவர் விற்பது அதனைத்தான். ஆனால் கூலி கொடுக்கப்படுவது இயந்திரம் ஓட்டுவதற்கு.

தென்கரை ‘காடு’ ஆனதற்குக் கப்பற்பார்வை மட்டும் காரணமன்று. அண்மைக்கால வரலாறும் காரணம். 2006 யூலையில் மாவிலாற்று அணை மூடப்பட்டதோடு தொடங்கிய சண்டையில், ஓகஸ்ட் முதற்கிழமை மூதூரிலும் தோப்பூரிலுமிருந்து முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் ஓடினர். மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் பதினேழுபேர் அவர்களது அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். சம்பூரின் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்து, ஊர் உயர்பாதுகாப்பு வலயமாகி, மீண்டும் குடியேற ஒன்பது பத்து ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டு நாம் பாடசாலை மாணவராயிருந்தோம்; கந்தளாய் முகாமில் ஒரு கூடாரத்தில் மூன்று குடும்பங்கள். குடாவுக்கு அப்பாலிருந்து நோக்கியவருக்கு அக்கரையில் அந்நாட்களில் உண்மையாகவே ஒன்றும் இருக்கவில்லை. ஊர்கள் வெறுமையாக்கப்பட்டதை இயற்கையின் வெறுமையெனக் காட்டுதல் எளிது; சில ஆண்டுகளில் மரம் முளைத்துவிடும்.

கடலைக் கடத்தல் பற்றியும் இவ்விடத்துச் சொல்லல் வேண்டும். மூதூர் மக்களுக்குக் குடா காட்சிப்பொருளாயிருந்ததில்லை, அது வழி. லோஞ்சிலும் பாதையிலும் ஏறி ஆசுபத்திரிக்கும் கச்சேரிக்கும் போனார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. 2021 நவம்பர் 23ஆம் நாள், கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த களப்பைக் கடந்த மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். எமது அரைநாட் சுற்றுலாவில் ஒவ்வொருவருக்கும் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு மேலங்கி தரப்பட்டது. வாரைச் சரியாகக் கட்டியிருக்கிறோமா எனப் படகோட்டி ஒருவர் ஒருவராகப் பார்த்தார்.

கரை திரும்பியபின், மற்றையோர் சென்றுவிட, படகை மணலில் இழுப்பதற்கு நாமும் கைகொடுத்தோம். தோப்பூரிலிருந்து வந்ததாக அப்போதுதான் கூறினோம். அவர் சிறிது வெட்கப்பட்டவர்போற் சிரித்தார். பின்னர், தாம் இளமையில் வலைக்குப் போன நாட்களைச் சொல்லத் தொடங்கி, சூடைக்குடாவில் எந்த மாதம் வாடி போடுவார்கள், இளக்கந்தையில் எங்கே கல் கிடக்கும், உப்பூறலுக்கு நேரே நின்றால் எந்த மலையும் எந்த மரமும் ஒரே கோட்டில் வரும் என்றெல்லாம் வடக்கிருந்து தெற்காக ஒரு பெயரும் விடாது ஒப்புவித்தார். இதனை ஏன் படகில் இருந்தவர்களுக்குச் சொல்லவில்லை என வினவினோம். “கேட்டாச் சொல்லுவம் சேர். அவங்க காசு குடுக்கிறது திமிங்கிலத்துக்கெல்லா” என்றார். பின்னேர பஸ் புறப்பட இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. கொப்பியை எடுத்து அவர் சொன்ன பெயர்களை எழுதத் தொடங்கினோம்; இளக்கந்தைக்கும் உப்பூறலுக்கும் இடையில் மட்டும், நாம் ஒருபோதும் கேட்டிராத ஐந்து பெயர்கள் இருந்தன.